எங்கள் ஊரில் பெரிய முதலீட்டாளர்கள் நிலம் வாங்கிப் புது நகரம் கட்டப் போகிறார்களாம், நிலத்தை விற்கலாமா?

கேட்டவர் சொன்ன விவரம்: குடவாசல் பக்கம் ஒரு கிராமம். ஒன்றரை வருஷமாக வெவ்வேறு கம்பெனிப் பெயர்களில் யாரோ நிலம் வாங்கிக்கொண்டே இருக்கிறார்கள். ஊர் விலையைப் போல் இரண்டு மடங்கு தருகிறார்கள். வெளிநாட்டிலும் பெங்களூரிலும் இருக்கும் பணக்காரர்கள் சேர்ந்து பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, இயற்கை வேளாண் பண்ணை எல்லாம் உள்ள புது நகரம் ஒன்றை அமைக்கப் போவதாகத் தரகர்கள் சொல்கிறார்கள். அப்பாவுக்கு ஒரு வேலி (சுமார் ஆறரை ஏக்கர்) நஞ்சை. பிள்ளைகள் சென்னையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். விற்கலாமா, டெல்டா பாதுகாக்கப்பட்ட மண்டலம் என்கிறார்களே, இதற்கு அனுமதி கிடைக்குமா, அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்ததாமே என்று மூன்று கேள்விகள்.

தம்பி, இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். டெல்டாவில் பாதிப் பேர் அந்தச் சட்டத்தை நம்பித்தான் கவலைப்படாமல் இருக்கிறார்கள்.

2020 பிப்ரவரியில் நிறைவேறிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டல மேம்பாட்டுச் சட்டம், தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களையும் கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் சில வட்டாரங்களையும் உள்ளடக்கியது. மயிலாடுதுறை தனி மாவட்டமானதும் 2023இல் அதையும் சேர்த்தார்கள். அதன் இரண்டாம் அட்டவணையில்தான் எதெல்லாம் கூடாது என்ற பட்டியல் இருக்கிறது. துத்தநாகம், செம்பு, அலுமினிய உருக்காலைகள், எஃகு ஆலை, தோல் தொழிற்சாலை, கப்பல் உடைப்பு, எண்ணெய் எரிவாயு எடுப்பது, மீத்தேன் ஆகியவை அதில் உண்டு. வீட்டுமனை அந்தப் பட்டியலில் இல்லை. குடியிருப்பு நகரமும் இல்லை. அந்தச் சட்டம் எதிலிருந்து பிறந்தது என்று பார்த்தால் இது புரியும். 2010இல் மன்னார்குடி வட்டாரத்தில் மீத்தேன் எடுக்க உரிமம் கொடுத்தார்கள். நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து அதை எதிர்த்தார். 2013 டிசம்பரில் பட்டுக்கோட்டை பக்கம் அத்திவெட்டியில் அவர் உயிர் பிரிந்ததும் அந்தப் போராட்டத்தின் நடுவில்தான். அடுத்து 2017இல் நெடுவாசலில் ஹைட்ரோகார்பன் எதிர்ப்புப் போராட்டம். துளை போடுகிறவனைத் தடுக்க எழுதிய சட்டம் அது. மண் அடித்து மேடாக்கி மனை போடுகிறவன் அன்று யார் கண்ணிலும் படவில்லை.

அப்படியானால் தடையே இல்லையா என்றால், இருக்கிறது. எல்லாம் சிதறிக் கிடக்கிறது. திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள விவசாய நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்ற 2017இல் வந்த விதிகளின்படி நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அனுமதி வேண்டும். நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும், வேளாண்மைத் துறையின் கருத்தும் கேட்பார்கள். 1961ஆம் ஆண்டின் நில உச்சவரம்புச் சட்டப்படி ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 15 தர ஏக்கர்தான் (மண்ணின் தரத்தை வைத்துக் கணக்கிடும் ஏக்கர்) உச்சம். கம்பெனியும் அந்தச் சட்டத்துக்கு உட்பட்டதுதான். அதற்கு மேல் தொழிலுக்கென்று வைத்திருக்க அரசிடம் தனி அனுமதி வாங்க வேண்டும். உங்கள் ஊரில் ஏன் ஒரே பெயரில் வாங்காமல் இத்தனை கம்பெனிப் பெயர்கள் என்ற கேள்விக்கு ஒரு காரணம் இங்கேயே இருக்கலாம். 50 எக்டேருக்கு மேற்பட்ட நகரியத் திட்டம் என்றால் சுற்றுச்சூழல் அனுமதியும் தேவை. ஆனால் 2006ஆம் ஆண்டு அறிவிக்கை இந்த வகைத் திட்டங்களுக்கு மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்திலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. ஒரு ஆலை வந்தால் கல்யாண மண்டபத்தில் மேடை போட்டு உங்களிடம் கருத்துக் கேட்பார்கள். ஒரு நகரமே வந்தால் கேட்க வேண்டியதில்லை.

இதில் எனக்கு மிகவும் கவலை தருவது 2023இல் வந்த நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்கள்) சட்டம். 100 எக்டேருக்குக் குறையாத ஒரு திட்டத்தின் எல்லைக்குள் ஓடை, வாய்க்கால், ஏரி போன்ற அரசு நிலங்கள் வந்தால், அரசு அதைச் சிறப்புத் திட்டமாக அறிவித்து, அந்த நிலங்களைத் திட்டத்தோடு ஒருங்கிணைக்க வழி செய்கிறது. நிபுணர் குழு பார்க்கும், ஆட்சேபணை சொல்லலாம் என்றெல்லாம் ஏற்பாடு உண்டு. ஆனாலும் மற்ற மாவட்டத்தில் 100 எக்டேருக்குள் ஒரு ஓடை வரலாம், வராமலும் போகலாம். நம்ம டெல்டாவில் வாய்க்கால் இல்லாத 100 எக்டேரை யாராலும் காட்ட முடியாது.

அமெரிக்கா விஷயத்துக்கு வருகிறேன். கலிபோர்னியாவில் சான் பிரான்சிஸ்கோவுக்கு வடகிழக்கே சொலானோ என்று ஒரு மாவட்டம். அங்கே ஃபிளானரி அசோசியேட்ஸ் என்ற, யாருடையது என்றே தெரியாத ஒரு கம்பெனி 2018 வாக்கில் தொடங்கி 50,000 ஏக்கருக்கு மேல் வாங்கியது. பெரும்பகுதி மேய்ச்சல் நிலமும் மானாவாரி நிலமும்தான். பக்கத்தில் டிராவிஸ் விமானப்படைத் தளம் இருந்ததால், வெளிநாட்டு உளவு வேலையாக இருக்குமோ என்று விசாரிக்கும் அளவுக்குப் போனது. 2023 மே மாதத்தில், விலையை ஏற்றக் கூட்டுச் சேர்ந்தார்கள் என்று சொல்லி நில உரிமையாளர்கள் மேலேயே 51 கோடி டாலர் கேட்டு அந்தக் கம்பெனி வழக்குப் போட்டது. அந்த ஆகஸ்டில்தான் பின்னால் இருந்தவர்கள் யார் என்பது வெளியே வந்தது. ஜான் ஸ்ராமெக் என்ற முன்னாள் கோல்ட்மேன் சாக்ஸ் வர்த்தகர் தலைவர். மைக்கேல் மோரிட்ஸ், ரீட் ஹாஃப்மன், மார்க் ஆண்ட்ரீசன், லாரீன் பவல் ஜாப்ஸ் போன்றவர்கள் முதலீட்டாளர்கள். லட்சக்கணக்கான பேர் குடியிருக்கும் நகரம் என்பது திட்டம்.

ஆனால் அவர்களால் நேராகக் கட்டிட வேலையில் இறங்க முடியவில்லை. 1984லிருந்தே அந்த மாவட்டத்தில் ஒரு விதி இருக்கிறது: நகர எல்லைக்கு வெளியே உள்ள விவசாய நிலத்தில் நகரம் எழுப்ப வேண்டுமானால் வாக்காளர்கள் ஓட்டுப் போட்டு அனுமதிக்க வேண்டும். 2024 நவம்பர் வாக்கெடுப்புக்குக் கொண்டுபோன திட்டத்தை, ஆதரவு போதாமல் அந்த ஜூலையிலேயே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். பிறகு பக்கத்து ஊரின் நகர எல்லைக்குள் நிலத்தைச் சேர்க்கும் வழியைப் பார்க்கத் தொடங்கினார்கள். நிலம் அத்தனையும் கையில் வந்த பிறகும் அவர்களை நிறுத்தியது அந்த ஓட்டுதான். நம்மிடம் அந்த ஓட்டு இல்லை. கிராம சபைத் தீர்மானம் நகர் ஊரமைப்பு இயக்ககத்தைக் கட்டுப்படுத்தாது. ஆகவே அங்கே கடைசியில் நடந்த விவாதத்தை இங்கே நாம் முதலிலேயே, நிலம் கை மாறும்போதே நடத்தியாக வேண்டும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. சொலானோ மேய்ச்சல் நிலத்தில் ஒருவர் தன் இடத்தை விற்றால் பக்கத்து இடத்துக்குப் பெரிய பாதிப்பு இல்லை. நம் ஊர் அப்படி இல்லை.

கல்லணையில் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிகிற தண்ணீர் குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு, கோரையாறு என்று கிளை விட்டு, அதிலிருந்து தலைப்பு வாய்க்கால், அதிலிருந்து கிளை வாய்க்கால், கடைசியில் கன்னி வாய்க்கால் வழியாக உங்கள் அப்பா வயலுக்கு வருகிறது. சமதளமான நாடு, ஒரு வயலுக்கும் அடுத்த வயலுக்கும் விரற்கடை வாட்டம்தான். பல இடங்களில் கன்னி வாய்க்கால்கூடக் கிடையாது, மேல் வயல் நிரம்பி மடை வழியாகக் கீழ் வயலுக்குப் பாயும். வரும் தண்ணீருக்கு ஒரு வழி இருப்பதுபோல் போகும் தண்ணீருக்கு வடிகால் என்று தனி வழி. மேலூரின் வடிகால்தான் பல இடங்களில் கீழூரின் பாசன வாய்க்கால். இதில் நடுவே 300 ஏக்கரை வாங்கி நான்கு அடி மண் அடித்து மேடாக்கினால் என்ன ஆகும்? ஐப்பசி, கார்த்திகை மழையில் மேலே இருக்கும் சம்பாப் பயிர் வடியாமல் அழுகும். கீழே இருப்பவனுக்கு ஆனியில் முறைத் தண்ணீர் வராது. களிமண் பூமியில் மேடாக்காமல் வீடு கட்டவும் முடியாது. ஆகவே இது கட்டுகிறவரின் நல்லெண்ணத்தைப் பொறுத்த விஷயம் இல்லை.

தண்ணீர் எடுப்பதைப் பற்றி ஊரில் பேசும்போது ஒரு கணக்குத் தவறாகப் போகிறது, அதையும் சொல்கிறேன். ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் என்பது நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கு வைக்கும் அளவு. ஒரு லட்சம் பேர் என்றால் நாளுக்கு 1.35 கோடி லிட்டர். ஒரு போக நெல்லுக்கு 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் என்று வைத்தால், அந்த ஒரு லட்சம் பேரின் ஒரு வருஷத் தண்ணீர் சுமார் 1,000 ஏக்கர் நெல்லின் ஒரு போகத் தண்ணீருக்குச் சமம். அளவைப் பார்த்தால் வீடுகளைவிட நெல்தான் அதிகம் குடிக்கிறது. ஆகவே "தண்ணீரையெல்லாம் உறிஞ்சிவிடுவார்கள்" என்று மட்டும் மனுவில் எழுதினால், எதிரே இருக்கும் பொறியாளர் ஒரு தாளில் கணக்குப் போட்டு உங்களை வாயடைக்க வைத்துவிடுவார். காலத்தைப் பற்றிக் கேளுங்கள். மேட்டூர் வழக்கமாக ஜூன் 12இல் திறந்து ஜனவரி 28இல் மூடுகிறது. இடையில் ஆறு காய்ந்து கிடக்கும் நாலரை மாதமும் நெல் தண்ணீர் கேட்காது, மனிதர்கள் கேட்பார்கள். அந்தத் தண்ணீர் ஆழ்குழாயிலிருந்து வர வேண்டும். கடலோரம் நெருங்க நெருங்க அப்படி இழுத்தால் உப்பு ஏறும். பயன்படுத்திய தண்ணீர் எந்த வடிகாலில் இறங்கும், அந்த வடிகாலில் கீழே யார் வயல் இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. இந்த இரண்டுக்கும் வரைபடத்தோடு பதில் கேளுங்கள்.

பத்திரத்தில் பெயர் இல்லாதவர்களைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், யாருமே எழுதுவதில்லை. உங்கள் அப்பாவின் ஒரு வேலியில், அதாவது 20 மாவில், எத்தனை மாவை அவரே சாகுபடி செய்கிறார்? வாய்மொழிக் குத்தகைக்கு யாராவது பார்க்கிறார்களா? 1969ஆம் ஆண்டுச் சட்டப்படி குத்தகை உரிமைப் பதிவேட்டில் பெயர் ஏறியிருந்தால் அவரை விலக்கிவிட்டு விற்க முடியாது. ஏறாமல் இருந்தாலும் 1955ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அவர் உரிமை கேட்டு வழக்குப் போடலாம். வயல் ஓரத்தில் பண்ணையாட்களின் குடியிருப்பு இருந்து, 1971ஆம் ஆண்டின் குடியிருப்புச் சட்டத்தில் அந்த மனை அவர்களுக்கே சொந்தமாகியிருந்தால் அது உங்கள் விற்பனையில் வராது. இதை வில்லங்கமாக மட்டும் பார்க்காதீர்கள். வெண்மணி இருக்கும் கீழ்வேளூர் வட்டாரம் உங்கள் ஊரிலிருந்து தூரம் இல்லை. 1968 டிசம்பர் 25 அன்று அங்கே 44 பேர் தீயில் செத்தது கூலி நெல் கேட்ட போராட்டத்தின் நடுவில். குத்தகையும் குடியிருப்பும் இந்த மண்ணில் சும்மா கிடைத்தவை இல்லை. நிலம் விற்றால் உங்களுக்குப் பணம் வரும். நடவுக்கும் களைக்கும் வரும் பெண்களுக்கு என்ன வரும் என்பதற்கு வாங்குகிறவரிடம் எழுத்தில் பதில் இருக்க வேண்டும். வேலை கொடுப்போம் என்பார்கள். எத்தனை பேருக்கு, என்ன வேலை, என்ன சம்பளம்?

ஊருக்குள் கோயில் நிலமும் மடத்து நிலமும் கண்டிப்பாக இருக்கும். அறநிலையத் துறைச் சட்டத்தின் 34ஆம் பிரிவுப்படி ஆணையர் அனுமதி இல்லாமல் அதை விற்க முடியாது. பஞ்சமி நிலம் பட்டியல் இனத்தவர் அல்லாதவருக்குப் போனால் செல்லாது. தரகர்கள் "முழுத் தாக்கும் எங்கள் கையில்" என்று சொல்வதை நம்பாதீர்கள். அவர்கள் வரைபடத்தில் ஓட்டைகள் இருக்கும். அந்த ஓட்டைகள்தான் ஊருக்குப் பேரம் பேசும் பலம்.

வெளியார் பெரும் பணத்தோடு வந்து இங்கே நிலம் வாங்குவது இது முதல் தடவையும் இல்லை. 1990களின் தொடக்கத்தில் சீர்காழி முதல் நாகை வரை கடலோர நிலத்தைக் கம்பெனிகள் வாங்கி இறால் பண்ணை போட்டன. வயலுக்குள் கடல் தண்ணீரைக் கொண்டுவந்து தேக்கியதில் பக்கத்து நிலமும் குடிதண்ணீர்க் கிணறும் உப்பானது, கூலி வேலையும் போனது. காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் கடலோர ஒழுங்குமுறை மண்டலத்துக்குள் இருந்த அந்தப் பண்ணைகளை அகற்ற உத்தரவிட்டது. தீர்ப்பு நம் பக்கம் வந்தது. ஏறிய உப்பைத் தீர்ப்பால் இறக்க முடியவில்லை. அதேபோல் 2017இல் கடலூர், நாகை மாவட்டங்களில் 45 கிராமங்களைச் சேர்த்துப் பெட்ரோ ரசாயன மண்டலம் என்று அறிவித்தார்கள். 2020இல் ரத்து செய்தார்கள். அரசு அறிவித்த திட்டத்தை எதிர்க்க ஒரு முகவரி இருந்தது. இப்போது நடப்பது சார்பதிவாளர் அலுவலகத்தில், ஒவ்வொரு பத்திரமாக.

எல்லாப் புது நகரமும் கெட்டது என்று நான் சொல்லவில்லை. புனேயில் மகர்பட்டா என்று ஒன்று. சுமார் 120 விவசாயக் குடும்பங்கள் 400 ஏக்கருக்கு மேற்பட்ட தங்கள் நிலத்தை விற்காமல், தாங்களே ஒரு கம்பெனி ஆரம்பித்துப் பங்குதாரர்களாகச் சேர்ந்து கட்டினார்கள். இன்றும் வாடகை வருகிறது. அதே புனே பக்கம் லவாசா என்ற மலை நகரம். 2010இல் சுற்றுச்சூழல் அமைச்சகம் வேலையை நிறுத்தியது, 2018இல் அது திவால் நடவடிக்கைக்குப் போனது. நமக்கு நெருங்கிய உதாரணம் ஆந்திராவின் புதுத் தலைநகர் அமராவதி, ஏனென்றால் அது கிருஷ்ணா ஆற்றங்கரை விளைநிலம். 29 கிராமங்களில் 33,000 ஏக்கருக்கு மேல் விவசாயிகள் நம்பிக் கொடுத்தார்கள். திருத்திய மனையும் பத்து வருஷம் ஆண்டுத் தொகையும் தருவதாக ஒப்பந்தம். 2019இல் ஆட்சி மாறியதும் நகரம் நின்றது, 2024இல் மறுபடி தொடங்கியது. இடைப்பட்ட வருஷங்களில் விவசாயமும் இல்லை, நகரமும் இல்லை.

மகர்பட்டா வென்றதற்குக் காரணம் அது வளர்ந்துவரும் ஒரு பெருநகரத்தின் விளிம்பில் இருந்தது. குடவாசல் பக்கம் ஒரு லட்சம் பேர் குடியேற என்ன வேலை இருக்கிறது? இந்தக் கேள்விக்குத் தரகர்கள் காட்டும் வண்ணத்தாளில் பதில் இருக்காது. என் கணிப்பு, இது நகரமாக எழும்பாது. சுற்றுச்சுவர் போட்ட சில நூறு பண்ணை வீடுகளும், கல் நட்டு விற்ற மனைகளும், மிச்சத்தில் சீமைக்கருவேலும்தான் நிற்கும். முதலீட்டாளருக்கு அப்போதும் நஷ்டம் இல்லை, நிலம் விலை ஏறும்வரை காத்திருக்க அவரால் முடியும். அந்தக் காத்திருப்பில் தரிசாகப் போட்ட வயல்தான் ஊரைக் கெடுக்கும். தலைமடையில் நாற்பது ஏக்கர் தரிசானால் வாய்க்கால் வெட்ட ஆள் வராது, அடங்கலில் (ஊரின் சாகுபடிக் கணக்கில்) தரிசு என்று ஏறும், நிலப் பயன்பாட்டு மாற்றம் கேட்கும்போது "இங்கே சாகுபடியே நடக்கவில்லை" என்பதற்கு அதுவே சாட்சி ஆகும்.

இனி விற்கலாமா என்ற கேள்வி. வயதான அப்பா, ஆள் கிடைக்காத ஊர், வருஷத்துக்கு ஒரு தடவை வரும் பிள்ளைகள். விற்பது பாவம் என்று உங்களிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் பட்டாவை வைத்து முடிவெடுக்காதீர்கள், வாய்க்காலை வைத்து எடுங்கள். உங்கள் கன்னி வாய்க்காலில் பாயும் எல்லாப் பட்டாதாரர்களும் ஒரு நாள் உட்கார்ந்து பேசுங்கள். அத்தனை பேரும் சேர்ந்து விற்பது, அல்லது அத்தனை பேரும் சேர்ந்து வைத்துக்கொள்வது, இரண்டுக்கும் நியாயம் உண்டு. தலைமடைக்காரர் விற்று, நடுவில் இருப்பவர் இழுபறியில் நிற்க, கடைமடைக்காரர் மட்டும் தண்ணீர் இல்லாமல் வேறு வழியின்றிப் பாதி விலைக்குக் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கிறது. உங்கள் அப்பா நிலம் இதில் எங்கே இருக்கிறது என்று எழுதவில்லை.

விற்பதென்றால், பொது அதிகாரப் பத்திரம் மட்டும் எழுதிக் கொடுக்காதீர்கள். அட்வான்ஸ் கொடுத்து அதிகாரப் பத்திரம் வாங்கி, மூன்று வருஷம் இழுத்து, அந்தப் பத்திரத்தை வைத்தே மூன்றாவது ஆளுக்கு விற்பதெல்லாம் இங்கே அன்றாடம் நடக்கிறது. முழுப் பணமும் வங்கி வழியாக வந்த பிறகு நேரடிக் கிரயம். ஒரு பகுதியை மட்டும் விற்றால், மிச்ச நிலத்துக்குப் பாதை, பாசன வழி, வடிகால் மூன்றும் எந்தப் புல எண் வழியாக, எத்தனை அடி அகலத்தில் என்று கிரயப் பத்திரத்திலேயே எழுதி வரைபடமும் இணைக்க வேண்டும். "மனையாக மாற்றிக் கொடுத்தால் இன்னும் கூடத் தருகிறோம்" என்றால் யோசியுங்கள். நகராட்சியிலிருந்து தள்ளியுள்ள கிராமத்து விவசாய நிலத்தை விவசாய நிலமாகவே விற்றால் வருமான வரிச் சட்டப்படி மூலதன ஆதாய வரி இல்லை. மனையாக்கிய பிறகு அந்தச் சலுகை போய்விடும். அங்கீகாரமில்லாத புது மனைகளை 2016க்குப் பிறகு பதிவே செய்ய முடியாது என்பதும் நினைவிருக்கட்டும்.

வாங்குகிறவர் யார் என்று கண்டுபிடிப்பது நீங்கள் நினைக்கும் அளவுக்குக் கஷ்டம் இல்லை. இதுவரை விற்ற புல எண்களுக்கு வில்லங்கச் சான்று போடுங்கள், கம்பெனிப் பெயர்கள் வந்துவிடும். கம்பெனி விவகார அமைச்சகத்தின் இணையதளத்தில் அந்தப் பெயர்களைத் தேடினால் பதிவு அலுவலக முகவரி தெரியும். கொஞ்சம் கட்டணம் கட்டினால் அவர்கள் தாக்கல் செய்த ஆவணங்களையும் பார்க்கலாம். ஐந்து கம்பெனிக்கும் ஒரே முகவரி என்றால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது. அந்தப் பட்டியலோடு அடுத்த கிராம சபைக்குப் போங்கள். இப்போது வருஷத்துக்கு ஆறு கூட்டம், மார்ச் 22 தண்ணீர் தினக் கூட்டமும் அதில் ஒன்று. தீர்மானத்தில் "திட்டத்தை எதிர்க்கிறோம்" என்று மட்டும் எழுதினால் போதாது. இந்தப் புல எண்ணில் இந்த வாய்க்கால் ஓடுகிறது, இத்தனை ஏக்கர் இதில் பாய்கிறது, இந்த வடிகால் இன்ன ஊருக்குப் பாசனம் என்று விவரமாக எழுதி ஆட்சியருக்கும் நீர்வளத் துறைக்கும் நகர் ஊரமைப்பு இயக்ககத்துக்கும் இப்போதே அனுப்புங்கள். பயன்பாட்டு மாற்ற விண்ணப்பம் வரும் முன்பே அது கோப்பில் இருந்தால், பின்னால் ஆட்சியர் இசைவு கொடுக்கும்போது அதற்குப் பதில் எழுதியாக வேண்டும், நீதிமன்றத்துக்குப் போனாலும் அதுதான் முதல் ஆவணம்.

உங்கள் தாக்கின் புலப்பட நகலும் அ-பதிவேட்டு (ஊரின் நில விவரப் பதிவேடு) நகலும் வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்குங்கள். உங்கள் வாய்க்காலில் அப்பா நிலத்துக்கு மேலே எத்தனை புலம் கை மாறியிருக்கிறது, அதில் எத்தனை இந்தச் சம்பாவில் நடவு ஆகவில்லை என்று எழுதுங்கள். அது தெரிந்தால்தான் காத்திருக்க உங்களுக்கு எவ்வளவு அவகாசம் இருக்கிறது என்று என்னால் சொல்ல முடியும்.